கம்பெனி மாத்திரை

சங்ககிரி லாரிப்பேட்டையில் மருதாசலத்துக்கு 'ஒரிஜினல் மருதாசலம்' என்று பெயர். யாரும் கூப்பிட்டுக் கொடுத்த பட்டம் அல்ல. அவரே சொல்லிச் சொல்லி ஊர் வாயில் ஏற்றிவிட்டது. லாரிக்கு ஒரு பேரிங் வாங்கப் போனாலும் முதலில் அட்டைப் பெட்டியை மோந்து பார்ப்பார். பிறகு மேலே ஒட்டிய சீல், உள்ளே சுற்றியிருக்கும் எண்ணெய்க் காகிதம், கடைசியாக இரும்பில் குத்திய கம்பெனி எழுத்து. அந்த எழுத்தைக் கட்டைவிரலால் தடவி, கண்ணை மூடி, "ம்ம்" என்பார். கோயிலில் தீர்த்தம் வாங்குகிறவன் முகத்தில்கூட அத்தனை பக்தி இருக்காது. 'லோக்கல்' என்ற சொல்லை அவர் உச்சரித்தால் கேட்கிறவனுக்குக் கை கழுவத் தோன்றும்.

அவர் மனைவி செல்லாயிக்கு மட்டும் இன்னொரு சங்கதி தெரியும். காலியான கம்பெனிப் பெட்டிகளை அவர் எறிவதில்லை, பரணில் அடுக்கி வைத்திருப்பார். பழைய லாரி ஒன்றை எருமப்பட்டிக்காரர் ஒருவருக்குத் தள்ளிவிட்டபோது, உதிரி சாமான் நாலைந்தைக் கடைவீதியில் லோக்கலாக வாங்கி, அந்தப் பெட்டிகளுக்குள் போட்டுப் பசை தடவி ஒட்டி, "ஸ்பேர் பூரா ஒரிஜினலுங்க, சேத்தியே தாரேன்" என்று கொடுத்தார். காபி கொண்டுபோன செல்லாயி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எருமப்பட்டிக்காரரும் பெட்டியை மோந்து பார்த்துவிட்டு "ம்ம்" என்றுதான் சொன்னார்.

அவர்களுக்கு ஒரே மகள், சௌந்திரம். சின்ன வயதிலிருந்தே வலிப்பு. விளையாடிக்கொண்டிருக்கும்போதே கண் செருகி விழுவாள், கைகால் இழுக்கும், வாயில் நுரை தள்ளும். கையில் இரும்புச் சாவி கொடுத்தார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு முறை விழுந்த பிறகு படிப்பு நின்றது. கடைசியில் சேலத்து டாக்டர் ஒருவர் நெர்வினால் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி, வாயில் பஞ்சு, பளபளவென்று அட்டைப் பெட்டி. அதைத் தின்ன ஆரம்பித்த பிறகு இரண்டு வருஷமாக ஒருநாளும் விழவில்லை. முகத்தில் சதை போட்டது. பேட்டைக்குப் பின்னால் இருக்கும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து, லோயர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் விரல்கள் முழங்காலில் தட்டச்சு அடிக்கும். அதைப் பார்க்கிறபோதெல்லாம் செல்லாயிக்கு வயிறு குளிரும்.

"கம்பெனி சரக்குன்னா கம்பெனி சரக்குதான்" என்பார் மருதாசலம், ஏதோ தானே காய்ச்சி உருட்டிக் கொடுத்ததுபோல.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் லாரி ஸ்டிரைக் வந்தது. வரியைக் குறைக்கச் சொல்லி எல்லா ஊர் லாரிக்காரர்களும் வண்டிகளை ஓரங்கட்டினார்கள். மருதாசலம் அப்போது தாலுகா சங்கத்துக்குத் தலைவர். மேடைபோட்டு, துண்டை இரண்டு தோளிலும் தொங்கவிட்டு, "சங்ககிரி எல்லையில ஒரு துரும்பு நகராது!" என்று மைக்கில் முழங்கினார். காற்றுக்குத் துரும்புகள் நகரத்தான் செய்தன. ஆனால் லாரிகள் நின்றுவிட்டன. கூடவே ஊருக்கு வரவேண்டியதெல்லாம் நின்றது. உப்பு நின்றது, மண்ணெண்ணெய் நின்றது, நெர்வினாலும் நின்றது.

மெடிக்கல் கடைக்காரன் சின்னண்ணன் வீட்டுக்கே வந்து சொன்னான்.

"சேலத்துலயும் ஒரு புட்டி இல்லீங்க. மெட்ராஸ்லருந்து வந்த பார்சல் லாரி தொப்பூர்க் கணவாய்ல நிக்குதாமுங்க. நம்ம சங்கத்து ஆளுங்கதான் மறிச்சுப் போட்டாங்களாம். தலைவர் நீங்க ஒரு சீட்டுக் குடுத்தீங்கன்னா…"

சங்கத்துக்காரர்கள் நாலுபேர் அப்போது கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தனியாக இருந்திருந்தால் மருதாசலம் என்ன சொல்லியிருப்பாரோ, தெரியாது. நாலுபேர் இருந்தார்கள்.

"என்ற மகளுக்குன்னு ஒரு லாரிய உட்டா, நாளைக்கு ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு மகளைக் கூட்டியாந்து நிறுத்துவான். ஆகாது."

நாலுபேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் அந்த வாக்கியம் பேட்டை முழுக்கப் பரவி, மறுநாள் மேடையில் அவரே கேட்கும்படி இன்னொருவர் வாயிலிருந்து வந்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

புட்டியின் அடியில் கொஞ்சம் மாத்திரைதான் கிடந்தது. செல்லாயி நச்சரித்து, அவரைக் காரை எடுக்கவைத்து, மகளோடு சேலத்துக்குப் போனாள். டாக்டர் வயதானவர், ஒவ்வொரு வார்த்தையையும் எண்ணித்தான் பேசுவார்.

"நெர்வினால் இல்லாட்டி என்ன? உங்க ஊர் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில இதே மருந்து டின் டின்னா இருக்கும். வாங்கிக் குடுங்க."

"அது கம்பெனி இல்லீங்களே டாக்டர்."

"மருந்து ஒண்ணுதான் ஐயா. இவன் ஒரு பேர் வெச்சு விக்கிறான், அவங்க பேர் வெக்காம குடுக்கறாங்க. ஆனா ஒண்ணு, ஒரு வேளைகூட நிறுத்திராதீங்க. இந்த மருந்தைத் திடீர்னு நிறுத்தினா, வலிப்பு முன்னைவிட மோசமாத் திரும்பி வரும். ஆளையே கொண்டு போயிரும்."

திரும்பி வரும்போது மருதாசலம் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே பேசினார்.

"மெக்கானிக்கும் இப்பிடித்தான் சொல்லுவான். 'ரெண்டும் ஒண்ணுதானுங்க முதலாளி, லோக்கலையே போட்டுக்கலாம்'னு. ஏன் சொல்றான்? கடையில அவனுக்குக் கமிசன்."

"இனாமாக் குடுக்கற மாத்தரைல டாக்டருக்கு ஏதுங்க கமிசன்?" என்றாள் செல்லாயி.

"அதான் புள்ள சூட்சுமம்."

மகுடஞ்சாவடி வரை யோசித்தும் அது என்ன சூட்சுமம் என்று அவருக்குப் பிடிபடவில்லை. தனக்கே பிடிபடாததால் அது பெரிய சூட்சுமமாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவுகட்டிக்கொண்டார். பின்சீட்டில் சௌந்திரம் முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டு வந்தாள்.

"சங்கத் தலைவன் பொண்டாட்டி தர்மாஸ்பத்திரி வரிசையில நின்னான்னு ஒருத்தன் சொல்லப்படாது. ஆமா, சொல்லிப்போட்டேன்" என்றார் வீட்டு வாசலில் இறங்கும்போது.

மறுநாள் காலையில் அவர் ஸ்டிரைக் பந்தலுக்குப் போனதும் செல்லாயி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அதே வரிசையில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் லோடுமேன் சென்றாயன் நின்றிருந்தான். மருதாசலத்தின் லாரிகளில் மூட்டை ஏற்றுகிறவன். அவன் மனைவி மாரக்காளுக்கும் இதே வலிப்பு, இதே மாத்திரை. வருஷக்கணக்காக இங்கேதான் வாங்குகிறான்.

"அம்மிணி, நீங்க எங்கீங்க இங்க?" என்று பதறி, தன் இடத்தை விட்டுக்கொடுத்து அவள் பின்னால் போய் நின்றான்.

கம்பவுண்டர் பெரிய டின்னுக்குள் கரண்டியை விட்டு வெள்ளை மாத்திரைகளை அள்ளி, பழைய காகிதத்தில் மடித்து நீட்டினார்.

"ஏனுங்க, ஒரு கோடு எழுத்து எதுவும் இல்லாம மொட்டையா இருக்குதுங்களே?"

"கலர் காயிதம் சுத்தி வேணும்னா தேருக்குப் போய் மிட்டாயி வாங்கு. நவுரு, அடுத்தாளு."

வீட்டுக்கு வந்து, நெர்வினால் புட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்து, வெள்ளை மாத்திரைகளை அதில் கொட்டி, பஞ்சை அடைத்து, அட்டைப் பெட்டிக்குள் வைத்தாள். வேறு எங்கும் போய் அவள் இதைக் கற்றுக்கொண்டு வரவில்லை. "பீரோவுல ஒரு புட்டி பத்திரமா எடுத்து வெச்சிருந்தேனுங்க" என்று அவரிடம் சொன்னாள். அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

ஸ்டிரைக் நீண்டது. சௌந்திரம் வேளைக்கு விழுங்கினாள், தூங்கினாள், டைப் அடிக்கப் போனாள். ஒரு குறையும் இல்லை. சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்து மருதாசலம் மகளைக் காட்டிச் சொல்வார்: "பாத்தியா? அந்த டாக்டரு பேச்சைக் கேட்டுக் கவர்மெண்டு மாத்தரையக் குடுத்திருந்தா இந்நேரம் புள்ள என்னாகியிருக்கும்? நெனச்சுப் பாரு."

செல்லாயி நினைத்துப் பார்த்தாள். ரசத்தை ஊற்றினாள்.

லாரி ஓடாத லாரிக்காரனுக்கு வீட்டில் வேலையே இல்லை. பொழுது போகாத ஒரு காலையில் அவரே மகளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போனார். பஞ்சை நீக்கி ஒன்றை உள்ளங்கையில் உருட்டினார். பழக்கதோஷம், கட்டைவிரல் தானாகவே கம்பெனி எழுத்தைத் தேடிற்று. கோடு இல்லை, எழுத்து இல்லை. இன்னொன்றை எடுத்தார். அதுவும் மொட்டை.

"செல்லாயி!"

அவள் அடுப்படியிலிருந்து வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"எங்கே வாங்குனே?"

"டாக்டரு சொன்ன எடத்துலதானுங்க. இத்தன நாளும் இதத்தான் தின்னுக்கிட்டிருக்கா. ஒண்ணும் ஆகலைங்கள்ள?"

"என்ற ஊட்டுக்குள்ளயே, ஒரிஜினல் புட்டிக்குள்ள லோக்கலப் போட்டு, என்ற கண்ணுலயே மண்ணத் தூவறியா?"

"ஊட்டுக்குப் புதுசுங்களா அது?" என்று வாய்வரை வந்தது. சொல்லாமல் விழுங்கினாள். சொல்லியிருந்தாலும் அவருக்கு விளங்கியிருக்காது. எருமப்பட்டிக்காரருக்குச் செய்தது வியாபாரம், இது துரோகம். அவர் புட்டியை எடுத்துப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். வெள்ளை மாத்திரைகள் கறுப்புத் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கரைந்தன.

"கண்டதத் தின்னு நரம்பு கெட்டுப்போனா அப்பறம் எந்த டாக்டராலயும் முடியாது. ரெண்டு நாள்ல பேச்சுவார்த்தை முடியுது. ஒரிஜினல் வந்துரும். அதுவரைக்கும் பழைய மருந்தோட சத்து ஒடம்புல இருக்கும். இஞ்சின்ல ஆயில் இருக்கற மாதிரி."

இதையெல்லாம் சௌந்திரம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

செல்லாயி அன்றைக்கே மறுபடி வரிசையில் நின்று வாங்கி வந்தாள். புருஷனை ஏமாற்றுவது அவளுக்குப் பழகிய வேலை. மகள் மறிப்பாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"எனக்கு வேண்டாம்மா."

"ஏஞ்சாமி? நேத்தைக்கு வரைக்கும் இதத்தானே தின்னே?"

"அதான் கொஞ்சநாளா எனக்குத் தலை கிர்ருன்னு இருந்துச்சு. டைப் அடிக்கறப்பக்கூடக் கை நடுங்குச்சு. என்னடான்னு பாத்தா, இது."

"எப்பப் புள்ள நடுங்குச்சு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லுல?"

"அப்பத் தெரியல. இப்பத்தான் தெரியுது."

"தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன் கண்ணு, ரெண்டும் ஒண்ணாம். டாக்டரே சொன்னாருல்ல, நீயுந்தானே கேட்டே?"

"ஒண்ணா இருந்தா, நீ ஏம்மா ஒளிச்சு ஒளிச்சுக் குடுத்தே?"

செல்லாயியிடம் இருந்த ஒரே பதிலைச் சொன்னால் தகப்பன் மரியாதை போகும். சொல்லாததால் மருந்தின் மரியாதை போயிற்று.

மாத்திரையைப் பொடித்து மோரில் கலந்து கொடுத்துப் பார்த்தாள். அந்த மருந்து வேம்பாகக் கசக்கும். ஒரு மிடறு வாயில் வைத்த சௌந்திரம் அப்படியே துப்பிவிட்டு அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு அவளே சட்டியிலிருந்து போட்டுக்கொண்டு தின்றாள். அம்மா மொண்டு கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை. செல்லாயி புருஷன் காலில் விழுந்தாள். "நீங்க ஒரு வார்த்த சொன்னாத் திம்பாங்க." அவர் காலை நகர்த்திக்கொண்டு சொன்னார்: "தலைவரு நாளைக்கொரு பேச்சுப் பேசமுடியாது."

பேச்சுவார்த்தை முடியவில்லை. நெர்வினால் வரவில்லை. அந்த வாரக் கடைசியில், பட்டப்பகலில், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சௌந்திரம் மிஷின்மேல் விழுந்தாள்.

தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் கிடத்தினார்கள். முன்பெல்லாம் ஒருமுறை இழுத்து ஓய்ந்தால் அசந்து தூங்கி எழுந்துவிடுவாள். இந்தமுறை கண் திறப்பதற்குள் அடுத்தது வந்தது. அது அடங்குவதற்குள் அதற்கு அடுத்தது. காரில் போட்டுக்கொண்டு சேலம் பெரியாஸ்பத்திரிக்கு விரட்டினார்கள். சாலையின் இரண்டு பக்கமும் லாரிகள் மூக்கோடு மூக்கு இடித்து நின்றன. பந்தலில் இருந்தவர்கள் தலைவர் காரைப் பார்த்து எழுந்து, "ஒற்றுமை ஓங்குக!" என்று கத்தினார்கள். மருதாசலம் பழக்கத்தில் ஒரு கையைத் தூக்கிவிட்டார். செல்லாயியின் மடியில் மகளின் தலை அடித்துக்கொண்டிருந்தது.

பெரியாஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் ஊசி போட்டார். மருதாசலம் நர்சம்மாவின் கையிலிருந்த சின்னக் குப்பியை எட்டிப் பார்த்தார்.

"இது என்ன கம்பெனிங்க?"

டாக்டர் திரும்பினார். "என்ன கம்பெனியா? இவங்க இத்தனை வருஷமா எந்த மருந்தை முழுங்குறாங்களோ அதே மருந்து. ஊசியாப் போடறோம். ஏன் நிறுத்தினீங்க?"

"நிறுத்துலீங்க. கவர்மெண்டு மாத்தரையக் குடுத்துப்போட்டாங்க. அதுல வந்த வெனைங்க."

"எப்பலருந்து மாத்திரை சாப்பிடலை?" என்று டாக்டர் அவரை விட்டுவிட்டுச் செல்லாயியைக் கேட்டார். அவள் சொன்னாள். இன்னும் இரண்டு ஊசி போட்டார்கள். இழுப்பு நின்றது. மறுநாள் உச்சிப்பொழுதுக்கு மூச்சும் நின்றது.

அவளைப் புதைத்த அன்றைக்கே அரசாங்கம் வரியில் ஏதோ கொஞ்சம் குறைத்ததாக ரேடியோவில் சொன்னார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு எதை முதலில் பேசுவது என்று குழப்பம். சிலர் அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, "இருந்தாலும் தலைவரே, செயிச்சுப்போட்டமுங்க" என்றார்கள். மருதாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். அவர் அழுதது நிஜம். இரண்டு நாளில் பத்து வயது கூடிப்போயிருந்தார். ஆனால் வருகிற ஒவ்வொருவரிடமும் கதையைச் சொல்லச் சொல்ல, கதை தேய்ந்து வழவழப்பாகிக்கொண்டே வந்தது.

"ரெண்டு வருசம் கம்பெனி மாத்தரை. ஒரு பொட்டுக் கொறையில்லீங்க. நடுவால ரெண்டு வாரம், எனக்குத் தெரியாம, கவர்மெண்டு மாத்தரை. நரம்ப அரிச்சுப்போடுச்சு. பொம்பளைங்க வெவரம் பத்தாது, யார நோவறது?"

எல்லோரும் உள்ளே திரும்பிச் செல்லாயியைப் பார்த்தார்கள். பார்வையில் இரக்கம்தான் இருந்தது. பெற்ற மகளை அறியாமல் கொன்றவளுக்குக் காட்டவேண்டிய இரக்கம். அவர் மாத்திரையைச் சாக்கடையில் கொட்டியதும், பிறகு மகள் ஒன்றும் தின்னாமல் இருந்த நாட்களும் கதையில் எந்த இடத்தில் உதிர்ந்தன என்று அவள் கவனித்துக்கொண்டே இருந்தாள். முதல்நாள் மாலைக்கே உதிர்ந்துவிட்டன.

சென்றாயன் வாசலுக்கு வெளியே துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்று இதைக் கேட்டான். எல்லோரும் போனபிறகு கிட்டே வந்தான்.

"முதலாளி, அந்த ஒரிஜினல் பேரு என்னங்க?"

மருதாசலத்துக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. ஒரு துண்டுக் காகிதத்தில் தன் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். "லோக்கல் மட்டும் வாங்கிராதறா. என்ற கதி உனக்கு வரப்படாது" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

காரியம் முடியும்வரை இழவு வீட்டுப் பொம்பளை படி தாண்டக்கூடாது. உள்ளிருந்து இதைக் கேட்டிருந்த செல்லாயி மறுநாள் தாண்டினாள். பின்வாசல் வழியாக இறங்கி, சாலையைக் கடந்து, லோடுமேன்கள் குடியிருக்கும் சந்துக்குப் போனாள். மாரக்காள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். செல்லாயியைக் கண்டதும் முறத்தை வைத்துவிட்டு எழுந்து அழுதாள். செல்லாயி அழவில்லை.

"மாரக்கா, மாத்தரை தின்னியா இன்னிக்கு?"

"இல்லீங்க அம்மிணி. நேத்தே அவரு பொட்டணத்த எருக்குழில வீசிப்போட்டாருங்க. லாரி ஓட ஆரமிச்சிருச்சுல்லீங்க, ஒரிஜினல் வந்துருமாம். சின்னண்ணன் கடையில சொல்லி வெச்சிருக்காரு. எங்களுக்குக் கட்டுபடியாகாதுதான். முடிஞ்சா ஒரு நாளைக்கு வாங்குவோம், முடியாட்டி ஒரு நாளைக்கு உடுவோம்."

"அப்பிடி உடப்படாது ஆயா. உட்டதுனாலதான் அவ போனா. அந்த மாத்தரையத் தின்ன வரைக்கும் நல்லா இருந்தா. நாங்கூட இருந்து பாத்தேன். நீ இத்தன வருசமா அதத்தானே தின்னே, உனக்கு என்ன ஆச்சு?"

மாரக்காள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள். துக்கத்தில் இருப்பவர்கள் என்ன சொன்னாலும் மறுத்துப் பேசக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கடைசியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள்.

"அம்மிணி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மொதலாளி ஊடு. புட்டில வாங்கித் தின்னீங்க. எங்களுக்கு மட்டும் காயிதத்துல மடிச்சது போதும்னு சொல்றீங்களே, எங்க உசுரு மட்டும் லோக்கலுங்களா?"

மருந்து நல்லதுதான் என்பதற்குச் செல்லாயியிடம் ஒரே ஒரு சாட்சி இருந்தது. அந்தச் சாட்சிதான் ஊருக்குச் செத்துக் காட்டி, மாத்திரை கெட்டது என்று நிரூபித்துவிட்டுப் போயிருந்தாள்.

"தண்ணி குடிக்கிறீங்களா அம்மிணி?"

"வேண்டாம்."

சந்திலிருந்து வெளியே வந்தாள். சாலையில் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. இத்தனை நாள் நின்ற கடனைத் தீர்ப்பதுபோல ஒன்றின் வாலில் ஒன்று, ஆரனை அலறவிட்டுக்கொண்டு, இடைவெளியே விடாமல். எதிர்ப்பக்கம் வீட்டு வாசலில் மருதாசலம் புதிதாக வந்த யாரிடமோ கை விரித்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. சாலையைக் கடக்க வழியில்லாமல் செல்லாயி அந்தப் புழுதியிலேயே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள்.